விண்மீன்களுக்கு நடுவே கன ஹைட்ரஜன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்மீன்களுக்கு இடையில் மிதக்கும் கரிம மூலக்கூறுகளில் கன ஹைட்ரஜன் பல்லாயிரம் மடங்கு ஏறிக் கிடக்கிறது என்று பேச்சை எடுத்தால் போதும், மாணவர்களானாலும் ஆசிரியர்களானாலும் ஒரே மாதிரி சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை, அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. கன ஹைட்ரஜன்னா என்ன? அது கதிர்வீச்சு உள்ள பொருளா?

சாதாரண ஹைட்ரஜன் அணுவின் கருவில் ஒரு புரோட்டான் மட்டும் இருக்கும். அதோடு ஒரு நியூட்ரானும் சேர்ந்திருந்தால் அது கன ஹைட்ரஜன், அதாவது டியூட்டீரியம். எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. கதிர்வீச்சு கிடையாது, எத்தனை கோடி ஆண்டானாலும் அப்படியே இருக்கும். கதிரியக்கம் உள்ளது இரண்டு நியூட்ரான் கொண்ட டிரிட்டியம். அதன் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுதான் என்பதால் இந்தக் கதையில் அதற்கு இடமே இல்லை.

டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்ட் யூரி. 1931-இல் கண்டுபிடித்தார், 1934-இல் நோபல் பரிசு வாங்கினார். நம் கடல்நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களில் சுமார் 6,400-க்கு ஒன்று டியூட்டீரியம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. விண்வெளியில் அது எங்கேயிருந்து வருது? நட்சத்திரங்கள் தயாரிக்குதா?

இல்லை, நேர்மாறாக நட்சத்திரங்கள் அதை அழிக்கின்றன. உள்ளே வெப்பம் சுமார் பத்து லட்சம் டிகிரியைத் தொட்டாலே டியூட்டீரியம் எரிந்து ஹீலியமாகிவிடும். இன்று பிரபஞ்சத்தில் உள்ள டியூட்டீரியம் ஏறக்குறைய முழுவதும் பெருவெடிப்புக்குப் பின் வந்த முதல் சில நிமிடங்களில் உண்டானது. அப்போது ஒரு லட்சம் ஹைட்ரஜனுக்குச் சுமார் இரண்டரை என்ற கணக்கில் இருந்தது. இன்று சூரியனுக்கு அக்கம்பக்கத்து வாயுவில் லட்சத்துக்குச் சுமார் ஒன்றரை. (இந்த ஒன்றரையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, அது கடைசிக் கேள்வியில்.)

ஆக, மொத்த இருப்பு கூடவே கூடாது. விண்மீன்களுக்கு இடையில் உள்ள குளிர்ந்த வாயு-தூசி மேகத்தில் இந்த டியூட்டீரியம் பெரும்பாலும் ஒரு ஹைட்ரஜன், ஒரு டியூட்டீரியம் என்று ஜோடி சேர்ந்த மூலக்கூறாக இருக்கிறது. இதை இனி கலப்பு ஜோடி என்றே சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் உள்ளதெல்லாம் அந்தச் சொற்ப இருப்பு எந்த மூலக்கூறுக்குள் போய்ச் சேர்கிறது என்ற பங்கீட்டுக் கதைதான்.

3. மொத்தம் கூடலைன்னா, "செறிவு" எப்படி வரும்?

பெரும்பங்கு ஹைட்ரஜன் இரட்டை அணு வாயுவாகவே இருக்கிறது. மீத்தேனால், ஃபார்மால்டிஹைடு, அம்மோனியா போன்றவை அதோடு ஒப்பிட்டால் மிக மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்துக்குள் டியூட்டீரியம் கொஞ்சம் இடம் மாறி வந்தாலே அங்கே விகிதம் எகிறிவிடும், வாயுவின் மொத்தக் கையிருப்பில் அது பெரிதாகத் தெரியாது.

எவ்வளவு எகிறும் என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அம்மோனியாவில் மூன்று ஹைட்ரஜன். மூன்றும் டியூட்டீரியமாக அமைவது வெறும் தற்செயல் என்றால், லட்சத்துக்கு ஒன்றரை என்பதை மூன்று முறை பெருக்க வேண்டும். கிடைப்பது ஏறக்குறைய மூன்று கோடி கோடியில் ஒன்று. அப்படி ஒன்றைத் தொலைநோக்கியில் பார்ப்பது நடக்காத காரியம். ஆனால் 2002-இல் பார்த்தார்கள். பெர்சியஸ் பகுதியில் உள்ள பர்னார்டு 1 மேகத்திலும் என்ஜிசி 1333-லும் மூன்று டியூட்டீரியம் ஏறிய அம்மோனியா கிடைத்தது, அதுவும் சாதாரண அம்மோனியாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில். தற்செயல் கணக்கைவிட முப்பதாயிரம் கோடி மடங்கு அதிகம்! இந்தத் துறையில் இதைவிட ஆச்சரியமான எண் எனக்குத் தெரிந்து வேறு கிடையாது.

4. அவ்வளவு தூரத்துல இருக்கிற மூலக்கூறில் ஒரு நியூட்ரான் கூட இருக்குன்னு எப்படிங்க சொல்றாங்க?

மூலக்கூறுகள் சுழல்கின்றன. ஒரு சுழற்சி நிலையிலிருந்து கீழ்நிலைக்கு இறங்கும்போது குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ரேடியோ அலையை விடுகின்றன. ஓர் அணு கனமானால் சுழற்சி மந்தமாகும், அதிர்வெண் இறங்கும். ஹைட்ரஜன் சயனைடின் முதல் சுழற்சிக் கோடு 88.6 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது. அதே மூலக்கூறில் டியூட்டீரியம் ஏறினால் அது 72.4 கிகாஹெர்ட்ஸ். ரேடியோ வானியலில் இது பெரிய இடைவெளி, ஒன்றை மற்றொன்றாகக் குழப்பிக்கொள்ளவே முடியாது. பெரிய கரிம மூலக்கூறுகளில்தான் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். அங்கே ஆய்வகத்தில் முன்கூட்டியே அளந்த அதிர்வெண்களோடு பல கோடுகள் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்வார்கள்.

முதலில் சிக்கியதும் இந்த ஹைட்ரஜன் சயனைடுதான். 1973-இல் ஓரியன் மேகத்தில் ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ், வில்சன் மூவரும் கண்டார்கள். ஆமாம், பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்த அதே பென்சியாஸும் வில்சனும்தான். அதே ஆண்டில் கோப்பர்நிகஸ் செயற்கைக்கோள் புற ஊதா ஒளியில் கலப்பு ஜோடியையும் பார்த்தது.

5. ஐசோடோப்பெல்லாம் வேதியியலில் ஒரே மாதிரிதான் நடந்துக்கும்னு பள்ளியில் படிச்சோமே?

பெரும்பாலும் சரி. ஆனால் ஹைட்ரஜனில் அந்த விதி நன்றாகவே தளர்கிறது. கார்பன் 12-க்கும் 13-க்கும் எடை வித்தியாசம் 8 விழுக்காடு, ஹைட்ரஜனுக்கும் டியூட்டீரியத்துக்கும் நூறு விழுக்காடு. வேறு எந்தத் தனிமத்தின் நிலையான ஐசோடோப்புகளிலும் இப்படி ஒரு விகிதம் இல்லை.

எடை எங்கே வேலை செய்கிறது என்றால், அதிர்வில். எவ்வளவு குளிர்ந்தாலும் ஒரு பிணைப்பு அதிர்வதை முழுக்க நிறுத்தாது, குவாண்டம் விதி அதை அனுமதிப்பதில்லை. மிச்சமிருக்கும் அந்தக் குறைந்தபட்ச அதிர்வுக்குப் பூஜ்யநிலை ஆற்றல் என்று பெயர். கனமான அணு மெதுவாக அதிரும், அதனால் அதன் பூஜ்யநிலை ஆற்றலும் குறைவு. கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு சென்டிமீட்டருக்கு 3,000 அலை என்ற அளவில் அதிர்ந்தால் கார்பன்-டியூட்டீரியம் 2,200-ஐ ஒட்டி அதிர்கிறது. எந்த மூலக்கூறில் போய் உட்கார்ந்தால் ஆற்றல் அதிகம் மிச்சமாகுமோ அங்கேதான் டியூட்டீரியத்துக்கு லாபம். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தவரைப் போல, ஒருமுறை அங்கே உட்கார்ந்துவிட்டால் கிளப்புவதற்குத் தனியாக ஆற்றல் செலவழிக்க வேண்டும். குளிர்ந்த மேகத்தில் அந்த ஆற்றல் யாரிடமும் இல்லை.

6. அந்தச் சின்ன வித்தியாசத்துக்கா இவ்வளவு பெரிய விளைவு?

வித்தியாசம் சின்னதுதான், ஆனால் குளிர் அதைப் பெரிதாக்குகிறது. இங்கே தலைவாசலாக இருக்கும் வினை ஒன்று உண்டு. மூன்று ஹைட்ரஜன் அணு சேர்ந்த நேர்மின் அயனி (மூவணு அயனி என்று வைத்துக்கொள்வோம்) கலப்பு ஜோடியைச் சந்திக்கிறது, டியூட்டீரியத்தை வாங்கிக்கொண்டு சாதாரண ஹைட்ரஜன் ஜோடியை வெளியே விடுகிறது. இதில் மிச்சமாகும் ஆற்றலை வெப்பநிலைக் கணக்கில் சொன்னால் 232 கெல்வின். திரும்பிப் போக வேண்டுமானால் அதே 232-ஐக் கட்ட வேண்டும்.

அறை வெப்பநிலையான 300 கெல்வினில் இந்தச் சாய்வு வெறும் இரண்டு மடங்கு, அதாவது கண்டுகொள்ள வேண்டியதில்லை. 30 கெல்வினில் இரண்டாயிரத்துச் சொச்சம். 10 கெல்வினில் ஆயிரம் கோடிக்கும் மேல். வெப்பநிலை அடுக்குக்குறியில் உட்கார்ந்திருப்பதால் வரும் விளைவு இது. நடைமுறையில் விகிதம் அந்த உயரத்துக்குப் போவதில்லை, ஏனென்றால் வழியில் அயனியைப் பறித்துக்கொள்ள வேறு ஆட்கள் இருக்கிறார்கள் (கேள்வி 9). ஆனால் 10 கெல்வினில் இது ஒருவழிப் பாதை என்பதில் சந்தேகமில்லை.

7. தூத்துக்குடியில் கனநீர் ஆலை இருக்கே, அங்கேயும் இதேதானா?

அடிப்படை அதேதான். கனநீர் என்பது டியூட்டீரியம் ஏறிய தண்ணீர். அங்கே பயன்படுத்தியது அம்மோனியா-ஹைட்ரஜன் பரிமாற்ற முறை. ஹைட்ரஜன் வாயுவில் இருக்கும் டியூட்டீரியம் அம்மோனியாவுக்கு இடம் மாறும், குளிர் கூடக்கூட இன்னும் நன்றாக மாறும். காரணம் 5-ஆம் பதிலில் சொன்ன அதே பூஜ்யநிலை ஆற்றல். கல்பாக்கம் அணுமின் நிலையம் போன்றவற்றுக்குத் தேவைப்படும் கனநீர் இப்படிப்பட்ட ஆலைகளிலிருந்துதான் வருகிறது.

வேறுபாடு வேகத்தில். ஆலையில் பொட்டாசியம் அமைடு என்ற வினையூக்கி இல்லாமல் பரிமாற்றம் நகராது. மேகத்தில் வினையூக்கி கிடையாது, அந்த வேலையை அயனிகள் செய்கின்றன. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

8. 10 கெல்வின்னா மைனஸ் 263 டிகிரி. அந்தக் குளிரில் வினையே நடக்காதே?

சாதாரண மூலக்கூறுகளுக்கிடையில் நடக்காது. ஆனால் ஓர் அயனியும் ஒரு மூலக்கூறும் சந்தித்தால் மின் ஈர்ப்பே இரண்டையும் சேர்த்து வைக்கும், தாண்ட வேண்டிய ஆற்றல் தடுப்பு பெரும்பாலும் இருக்காது. 1973-இல் எரிக் ஹெர்பஸ்டும் வில்லியம் கிளெம்பரரும், தனியாக வில்லியம் வாட்சனும் இந்த அயனி வேதியியலை விண்மேகங்களுக்குப் பொருத்திக் காட்டினார்கள். அதன் நடுநாயகமான மூவணு அயனியே விண்மேகத்தில் நேரடியாகக் கண்ணில் பட்டது 1996-இல்தான்.

சரி, ஒளி புகாத இருட்டு மேகத்துக்குள் அயனி எப்படி வரும்? காஸ்மிக் கதிர், அதாவது விண்வெளியில் அதிவேகமாகப் பாய்ந்து வரும் துகள். எவ்வளவு அபூர்வம் என்று பாருங்கள்: ஒரே ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறைக் குறிவைத்துக் காத்திருந்தால், காஸ்மிக் கதிர் வந்து அதன் எலக்ட்ரானைத் தட்டிவிடச் சராசரியாக 300 கோடி ஆண்டு ஆகும். ஆனால் மேகத்தில் மூலக்கூறுகள் ஏராளம் என்பதால் எந்த நேரத்திலும் எங்கோ ஒன்று அடிபட்டுக்கொண்டேதான் இருக்கும். அடிபட்ட மூலக்கூறு பக்கத்து ஹைட்ரஜனோடு மோதி மூவணு அயனியாகிறது, அது டியூட்டீரியத்தை வாங்குகிறது, வாங்கியதை அடுத்தவருக்குக் கொடுக்கிறது. இவ்வளவு வேதியியலுக்கும் முதல் பொறி அந்தக் கதிர்தான்.

9. குளிர் மட்டும் போதும்னா எல்லாக் குளிர்ந்த மேகத்திலும் ஒரே அளவு இருக்கணுமே?

இருக்காது, நடுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மேகத்தில் ஹைட்ரஜனுக்கு அடுத்தபடி அதிகமுள்ள மூலக்கூறு அது. மூவணு அயனியைக் கண்டதும் அதன் புரோட்டானைப் பறித்துக்கொள்ளும். டியூட்டீரியம் ஏறியிருந்தாலும் விடாது. கார்பன் மோனாக்சைடு வாயுவில் தாராளமாகத் திரியும்வரை அயனி நீடிக்காது, செறிவும் ஓரளவுக்கு மேல் போகாது.

திருப்பம் எங்கே வருகிறது என்றால், மேகத்தின் மையம் இன்னும் இறுகி, இன்னும் குளிரும்போது. 20 கெல்வினுக்குக் கீழே கார்பன் மோனாக்சைடு தூசித் துகள்களின் மேல் பனியாக உறைந்துவிடுகிறது. பறிப்பவர் வாயுவிலிருந்து மறைந்துவிட்டார், இனி அயனிக்குச் சந்திக்கக் கிடைக்கும் முக்கியமான ஆள் கலப்பு ஜோடி. ஒரு டியூட்டீரியம், பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று ஏறிக்கொண்டே போகும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமில்லை. டாரஸ் பகுதியில் எல்1544 என்ற மேகக் கரு இருக்கிறது. உள்ளே இன்னும் நட்சத்திரம் பிறக்கவில்லை, மையத்தில் வெப்பநிலை 7 கெல்வினை ஒட்டி. 2003-இல் பவோலா கசெல்லியின் குழு அங்கே 372 கிகாஹெர்ட்ஸில் ஒரு டியூட்டீரியம் ஏறிய மூவணு அயனியை வலுவாகக் கண்டது, அதுவும் கார்பன் மோனாக்சைடு காணாமல் போன அதே மையத்தில். அடுத்த ஆண்டே இரண்டு டியூட்டீரியம் ஏறியதும் ஒஃபியூகஸ் பகுதியில் கிடைத்தது. கோட்பாட்டாளர்கள் கணித்ததும் தொலைநோக்கி காட்டியதும் இவ்வளவு சுத்தமாகப் பொருந்திய இடங்கள் குறைவு.

10. அயனியைப் பத்தியே பேசறீங்க. கரிம மூலக்கூறுக்குள்ள எப்படிப் போகுது?

இரண்டு வழி. முதலாவது வாயுவிலேயே. ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் உள்ள அயனியும், அசிட்டிலீன் அயனியும் கலப்பு ஜோடியிடமிருந்து நேரடியாக டியூட்டீரியம் வாங்கும். இவற்றில் மிச்சமாகும் ஆற்றல் 232 கெல்வினைவிட அதிகம் என்பதால், கொஞ்சம் வெதுவெதுப்பான 30 முதல் 70 கெல்வின் மேகத்திலும் இந்த வழி திறந்திருக்கும். டாரஸில் உள்ள டிஎம்சி-1 மேகத்தின் நீண்ட கார்பன் சங்கிலிகளில் காணும் டியூட்டீரியம் வாயு வழியில் வந்தது.

இரண்டாவது தூசியின் மேல், என் கணிப்பில் இதுதான் சுவாரசியமானது. டியூட்டீரியம் ஏறிய அயனி ஓர் எலக்ட்ரானைச் சந்தித்தால் உடைந்து தனி டியூட்டீரியம் அணுவை விடும். இது தொடர்ந்து நடப்பதால் வாயுவில் தனி அணுக்களின் விகிதம் பத்து ஹைட்ரஜனுக்கு ஒரு டியூட்டீரியம் என்ற அளவுக்கே போகலாம். லட்சத்துக்கு ஒன்றரை என்று தொடங்கியது இங்கே பத்துக்கு ஒன்று! இந்த அணுக்கள் தூசிமேல் விழுகின்றன. அங்கே என்ன காத்திருக்கிறது? 9-ஆம் பதிலில் உறைந்த அதே கார்பன் மோனாக்சைடு. அணு ஒவ்வொன்றாகச் சேர்ந்து அது ஃபார்மால்டிஹைடாகி, பிறகு மீத்தேனாலாகிறது. நடுவில் ஆற்றல் தடுப்புகள் உண்டு, ஆனால் ஹைட்ரஜன் இலேசானது என்பதால் குவாண்டம் முறையில் தடுப்பை ஊடுருவிப் போய்விடும். அயனியை வாழவிட்டதும் அதே உறைதல், மீத்தேனாலுக்கு மூலப்பொருள் கொடுத்ததும் அதே உறைதல்.

11. மீத்தேனாலில் நாலு ஹைட்ரஜன் இருக்கு. டியூட்டீரியம் எதில் போய் உட்காரும்?

நல்ல கேள்வி. மூன்று ஹைட்ரஜன் கார்பனில், ஒன்று ஆக்சிஜனில். பாகுபாடே இல்லை என்றால் கார்பன் பக்கம் ஏறியது மூன்று மடங்கு இருக்க வேண்டும். சூரியனைப் போன்ற சிறு நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களில் அது பெரும்பாலும் மூன்றைத் தாண்டுகிறது. ஓரியனின் சூடான பகுதியிலோ இரண்டும் ஏறக்குறைய சமம்.

கார்பன் பக்கச் சாய்வுக்கு விளக்கம் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் நவோகி வதனபே, அகிரா கௌச்சி குழுவின் சோதனைகளில் கிடைத்தது. 10 கெல்வினை ஒட்டிய மீத்தேனால் பனிமேல் டியூட்டீரியம் அணுக்களைப் பொழிந்தார்கள். கார்பன் பக்க ஹைட்ரஜன் ஒவ்வொன்றாகக் கழன்று அந்த இடத்தில் டியூட்டீரியம் ஏறியது. ஆக்சிஜன் பக்கம் அசையவில்லை. ஏறிய பிறகு சாதாரண ஹைட்ரஜனைப் பொழிந்தாலும் டியூட்டீரியம் இறங்கவில்லை. 2004-இல் ஐராஸ் 16293-2422 என்ற பிறக்கும் நட்சத்திரத்தின் அருகே மூன்று டியூட்டீரியம் ஏறிய மீத்தேனாலே கிடைத்தது ஏன் என்று இதிலிருந்து புரியும். ஆக்சிஜன் பக்க ஹைட்ரஜன் வேறு ரகம். பனி சூடாகும்போது பக்கத்துத் தண்ணீர் மூலக்கூறோடு எளிதாக இடம் மாற்றிக்கொள்ளும், ஆகவே பனி பட்ட சூடு அதன் விகிதத்தில் கலந்துவிடுகிறது.

12. நட்சத்திரம் பிறந்து சூடானதும் டியூட்டீரியம் எல்லாம் வெளியேறிடாதா?

உடனே ஆகாது, இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 100 கெல்வினைத் தாண்டியதும் பனி ஆவியாகி மூலக்கூறுகள் அப்படியே வாயுவுக்கு வருகின்றன. அங்கே புதிய சமநிலை வர பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும். அதற்குள் நாம் பார்த்துவிட்டால், 100 கெல்வினில் இருக்கும் மூலக்கூறில் 10 கெல்வின் விகிதம் தெரியும். ஒரு கரிம மூலக்கூறில் உள்ள டியூட்டீரியம், அது இப்போது இருக்கும் வெப்பநிலையைச் சொல்வதில்லை. அது உருவான நேரத்துக் குளிரைச் சொல்கிறது. இந்தத் துறை முழுவதும் நிற்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

சுமார் 460 ஒளியாண்டு தொலைவில் உள்ள அந்த ஐராஸ் 16293-ஐ சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி வரிசை விரிவாக அளந்திருக்கிறது. எத்தனால், கிளைக்கோலால்டிஹைடு, மெத்தில் ஃபார்மேட் போன்றவற்றில் நூற்றுக்கு 2 முதல் 8 வரை டியூட்டீரியம். ஓரியனின் சூடான கருவில் மீத்தேனாலில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பெரிய நட்சத்திரங்கள் பிறக்கும் ஓரியனில் பனி உருவானபோதே தூசி அவ்வளவு குளிர்ந்திருக்கவில்லை என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம்.

13. தண்ணீரும் அதே பனியில்தானே இருக்கு? அதில் ஏன் குறைவு?

ஐராஸ் 16293-இன் சூடான உள்பகுதியில் ஒரு டியூட்டீரியம் ஏறிய தண்ணீர் ஆயிரத்துக்கு ஒன்றை ஒட்டித்தான். கரிம மூலக்கூறுகளோ, மேலே சொன்னபடி நூற்றுக்கு 2 முதல் 8 வரை. காரணம், வரிசை. தண்ணீர்ப் பனி மேகத்தின் இளமையிலேயே உருவாகிவிடுகிறது, அப்போது கார்பன் மோனாக்சைடு இன்னும் வாயுவில் இருக்கிறது, டியூட்டீரியம் அணுக்கள் குறைவு. மீத்தேனால் அதற்குப் பிறகு, மேல் அடுக்கில் உருவாகிறது.

இதற்கு ஒரு சாட்சி ரொசெட்டா விண்கலம் சுற்றிவந்த 67பி வால்மீனில் கிடைத்தது. இரண்டு டியூட்டீரியம் உள்ள தண்ணீருக்கும் ஒன்று உள்ளதற்கும் இடையிலான விகிதம், ஒன்று உள்ளதற்கும் சாதாரணத் தண்ணீருக்கும் இடையிலான விகிதத்தைப்போல் சுமார் 17 மடங்கு. எல்லாத் தண்ணீரும் ஒரே சமயத்தில் உருவாகியிருந்தால் இந்த எண் கால்தான் வர வேண்டும். பெரும்பகுதி முன்னே, டியூட்டீரியம் மிகுந்த சிறு பகுதி பின்னே என்று கொண்டால் பொருந்துகிறது.

14. ஆர்த்தோ, பாரான்னு ஏதோ சொல்றாங்களே, அது இதில் எங்கே வருது?

ஹைட்ரஜன் ஜோடியில் இரு புரோட்டான்களின் தற்சுழற்சி ஒரே திசையில் இருந்தால் ஆர்த்தோ, எதிரெதிரே இருந்தால் பாரா. ஆர்த்தோ வகை 170 கெல்வின் அளவு கூடுதல் ஆற்றலை எப்போதும் சுமந்துகொண்டிருக்கும். 6-ஆம் பதிலில் திரும்பிப் போக 232 கட்ட வேண்டும் என்றேன் அல்லவா? ஆர்த்தோ ஹைட்ரஜன் கையிலேயே 170 வைத்திருக்கிறது, மீதி 62 போதும். அது நிறைய இருந்தால் ஒருவழிப் பாதை இருவழியாகிவிடும், ஏறிய டியூட்டீரியம் இறங்கும்.

ஹைட்ரஜன் உருவாகும்போது ஆர்த்தோதான் அதிகம், பிறகு மெதுவாகப் பாராவாக மாறுகிறது. எனவே செறிவுக்குக் குளிர் மட்டுமின்றிக் காலமும் வேண்டும், அதனாலேயே இதைக் கடிகாரமாகவும் பயன்படுத்தலாம். 2014-இல் ஐராஸ் 16293 மேகத்தில் டியூட்டீரியம் ஏறிய மூவணு அயனியின் இரு வகைகளையும் அளந்து, அந்த மேகக் கருவுக்குக் குறைந்தது பத்து லட்சம் ஆண்டு வயது என்று கணித்தார்கள்.

15. இதெல்லாம் எங்கேயோ நடக்குது. நம்ம கைக்கு ஏதாவது வந்திருக்கா?

வந்திருக்கிறது. 1969 செப்டம்பர் 28-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் விண்கல் விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் கிடைத்தபோது, பூமியில் விழுந்த பிறகு ஒட்டிக்கொண்டதாக இருக்கலாமே என்ற நியாயமான சந்தேகம் வந்தது. 1987-இல் வெளியான அளவீட்டில் அந்த அமினோ அமிலங்களின் டியூட்டீரியம் கடல்நீரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. பூமியின் உயிர்ப்பொருள் எதிலும் அப்படி இருக்காது.

இரண்டு மடங்குதானா, மேகத்தில் நூற்றுக்கு 2 முதல் 8 என்றீர்களே என்று கேட்டால், நடுவில் நிறைய நடந்திருக்கிறது. விண்கல் எந்தச் சிறுகோளிலிருந்து உடைந்து வந்ததோ அதில் திரவத் தண்ணீர் ஓடியது, வினைகள் நடந்தன, சாதாரண ஹைட்ரஜன் கலந்தது. ஆய்வகத்திலும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுக்கத் தண்ணீரில்தான் கொதிக்கவைப்பார்கள். நைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் ஒட்டிய ஹைட்ரஜன் அங்கேயே இடம் மாறிப் பூமியின் ஹைட்ரஜனாகிவிடும். கார்பனில் பிணைந்தது மட்டும்தான் பழைய விகிதத்தோடு மிஞ்சும். 11-ஆம் பதிலில் பார்த்த அதே பாகுபாடு இங்கேயும் வருவதைக் கவனியுங்கள். வால்மீனில் இந்த நீர்த்துப்போதல் குறைவு. 67பி-யின் மீத்தேனாலில் டியூட்டீரியம் நூற்றுக்கு சுமார் 0.7-க்கும் 6.6-க்கும் இடையில், ஐராஸ் 16293-இன் எண்களை ஒட்டியே வருகிறது.

16. அப்போ நம்ம கடல்நீரும் அங்கேயிருந்துதான் வந்ததா?

ஒரு பகுதி. கடலில் 6,400-க்கு ஒன்று என்பது சூரியன் பிறந்த வாயுவின் விகிதத்தைவிடச் சுமார் எட்டு மடங்கு. அந்த ஏற்றம் ஏதோ ஒரு குளிர்ந்த இடத்தில் நடந்திருக்க வேண்டும். கோள்கள் உருவான, சூரியனைச் சுற்றிய வாயு-தூசித் தட்டிலேயே நடந்திருக்குமா என்று 2014-இல் இல்சி கிளீவ்ஸ் குழு கணக்கிட்டுப் பார்த்தது. தட்டுக்குள் காஸ்மிக் கதிர் சரியாக நுழைவதில்லை, 8-ஆம் பதிலில் சொன்ன முதல் பொறி இல்லையென்றால் சங்கிலியே தொடங்காது. எனவே நம் கடல்நீரில் கணிசமான பங்கு, பாதிவரைகூட, சூரியனுக்கு முந்தைய பனியிலிருந்து வந்தது என்றார்கள். 2023-இல் வி883 ஓரியானிஸ் என்ற இளம் நட்சத்திரத்தின் தட்டில் டியூட்டீரியம் ஏறிய தண்ணீரை அல்மா அளந்தது. மேகத்துப் பனி பெரிதாக மாறாமல் தட்டுக்கு வந்து சேர்கிறது என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

யார் கொண்டுவந்தார்கள் என்பது தனி வழக்கு. ஹார்ட்லி 2 வால்மீனின் விகிதம் கடலோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது, 67பி-க்கு முதலில் வெளியான எண் கடலைப்போல் மூன்று மடங்கு. 2024-இல் 67பி தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், தூசியில் ஒட்டிய தண்ணீர்தான் அந்த எண்ணைத் தூக்கிக் காட்டியது என்று வாதிட்டார்கள்.

17. பக்கத்து விண்வெளியில் லட்சத்துக்கு ஒன்றரைன்னீங்க. வேற திசையில் வேற எண் சொல்றாங்களே, எது சரி?

அளவீடுகள் எல்லாமே சரிதான், அதுதான் புதிர். ஃபியூஸ் என்ற புற ஊதாத் தொலைநோக்கி 1999-இல் ஏவப்பட்டது. அது பல திசைகளில் பார்த்தபோது ஒரு பக்கம் லட்சத்துக்குச் சுமார் அரை, இன்னொரு பக்கம் இரண்டுக்கு மேல் என்று எண் மாறிக்கொண்டே இருந்தது. வாயு நன்றாகக் கலந்துதான் இருக்கிறது, நான்கு மடங்கு வித்தியாசம் வர நட்சத்திரங்கள் எரித்தது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

2006-இல் ஜெஃப்ரி லின்ஸ்கி குழு முன்வைத்த விளக்கம், காணாமல் போன டியூட்டீரியம் தூசிக்குள்ளும் பெரிய கார்பன் வளைய மூலக்கூறுகளுக்குள்ளும் இருக்கிறது என்பது. 5-ஆம் பதிலில் சொன்ன கார்பன்-டியூட்டீரியம் லாபம்தான் இங்கேயும். தொலைநோக்கியின் புற ஊதாக் கோடுகள் தனி அணுக்களை மட்டும் எண்ணும், தூசியில் ஏறியதை எண்ணாது. இதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம் நேர்த்தியானது. எந்தத் திசையில் இரும்பும் சிலிக்கானும் வாயுவில் குறைந்து தூசிக்குள் போயிருக்கின்றனவோ, அங்கேயெல்லாம் டியூட்டீரியமும் குறைந்திருந்தது. அதிர்ச்சி அலைகள் தூசியை நொறுக்கி இரும்பை வாயுவுக்குத் திருப்பிவிட்ட திசைகளில் டியூட்டீரியமும் கூடவே திரும்பியிருந்தது. இந்தக் கணக்கின்படி நம் பக்கத்து விண்வெளியின் உண்மையான இருப்பு லட்சத்துக்கு குறைந்தது 2.3. அந்தக் கார்பன்-டியூட்டீரியம் பிணைப்பு அகச்சிவப்பில் 4.4 முதல் 4.7 மைக்ரான் பகுதியில் தெரிய வேண்டும், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கருவிகள் பார்க்கும் பகுதி அது.